தாத்தாவின் ரோலிஃப்ளெக்ஸ்: முதலில் உள்ளே இருக்கும் பிலிமைக் காப்பாற்றுங்கள்

ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "தாத்தா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. போன வாரம் பீரோவை ஒழித்தபோது தோல் பைக்குள் ஒரு பழைய இரட்டை லென்ஸ் கேமரா கிடைத்தது. மேலே ரோலிஃப்ளெக்ஸ் என்று எழுதியிருக்கிறது. கீழ் லென்ஸைச் சுற்றி 'ஜெய்ஸ்-ஆப்டன் டெஸ்ஸார் 1:3.5, 75 மி.மீ.' என்றும் சிவப்பில் 'டி' என்ற எழுத்தும் இருக்கின்றன. பிளாஷ் வயர் செருகும் இடத்தில் எம், எக்ஸ் என்று இரண்டு எழுத்துகள். பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடியில் 7 என்று தெரிகிறது. இதில் இன்னும் படம் எடுக்க முடியுமா, இல்லை விற்றுவிடலாமா?"

எடுக்க முடியும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: கேமராவின் பின்கதவைத் திறக்காதீர்கள். ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தால் இதற்கு மேல் திறக்க வேண்டாம்.

அந்த 7 என்ற எண்தான் காரணம். இந்த மாடலில் பிலிம் எண்ணும் கருவி, பின்கதவைத் திறந்ததும் தானாகப் பூஜ்யத்துக்குப் போய்விடும். அது 7 காட்டுகிறது என்றால், பெரும்பாலும் தாத்தா போட்ட பிலிம் இன்னும் உள்ளே இருக்கிறது. பன்னிரண்டு படத்தில் ஆறோ ஏழோ எடுத்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறார். கருப்பு வெள்ளை பிலிமில் விழுந்த படம், கழுவாமலே பல பத்தாண்டுகள் தாங்கும். வெயிலும் ஈரமும் அதை மங்கலாக்கியிருக்கும், முழுவதும் அழித்திருக்காது. கதவைத் திறந்தால் மட்டும் ஒரு நொடியில் போய்விடும்.

எப்படி எடுப்பது? ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். படம் எடுக்கும் லென்ஸான கீழ் லென்ஸை மூடியால் மூடுங்கள். மூடி இல்லையென்றால் கனமான கருப்புத் துணியை நாலாக மடித்துக் கட்டிவிடுங்கள். வலப்பக்கம் மடக்கி வைத்திருக்கும் கிராங்க் கைப்பிடியை வெளியே இழுத்து, முன்னோக்கி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நகரவில்லை என்றால் ஏழாவது படம் இன்னும் எடுக்கப்படவில்லை, ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் கதவு) ஏற்றிய நிலையில் நிற்கிறது என்று பொருள். அப்படியானால் முன்பக்கம் கீழ் மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். லென்ஸ் மூடியிருப்பதால் எதுவும் பதியாது. பிறகு கைப்பிடியை முன்னோக்கி நிற்கும்வரை, பின்னோக்கி நிற்கும்வரை திருப்பி, மறுபடி பொத்தானை அழுத்துங்கள். இப்படியே 12 வரை போக வேண்டும். பன்னிரண்டாவதை அழுத்திய பிறகு கைப்பிடி தடையில்லாமல் சுற்றும். பிலிமோடு சேர்ந்து வரும் காகிதம் முழுவதும் சுற்றி முடியும்வரை இன்னும் பல சுற்று சுற்றுங்கள். அப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும். மேலே இருக்கும் சுருளை எடுத்து, தளர விடாமல் இறுக்கிப் பிடித்து, அதன் நுனியிலுள்ள பசைத்தாளால் ஒட்டி, அலுமினியத் தாளில் பொதிந்து வையுங்கள்.

பொத்தானை அழுத்திய பிறகும் கைப்பிடி எந்தப் பக்கமும் நகரவில்லையா? பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள். உள்ளே எல்லாம் பித்தளையும் எஃகும்தான், நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் கெட்டிப்பட்ட கிரீஸோடு மல்லுக்கட்டினால் ஒரு சின்னப் பல் உடைந்தாலும் போச்சு. டார்க்ரூம் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, இருட்டுப் பைக்குள் கேமராவைத் திறந்து, மீதிப் பிலிமைக் கையாலேயே சுற்றி எடுக்கச் சொல்லுங்கள். கழுவக் கொடுக்கும்போது "பழைய பிலிம், எடுத்து பல வருஷம் ஆச்சு" என்று மறக்காமல் சொல்லுங்கள். எச்.சி.-110 போன்ற டெவலப்பரில் (பிலிம் கழுவும் மருந்தில்), வயதான பிலிமுக்கு வரும் சாம்பல் படலம் குறைவாக இருக்கும். மிகப் பழைய கலர் பிலிமாக இருந்தால், அந்தக் காலத்துக் கலர் முறை இன்று வழக்கில் இருக்காது. அதையும் கருப்பு வெள்ளையாகவே கழுவ வேண்டும்.

சரி, இனி கேமராவுக்கு வருவோம்.

உங்களிடம் இருப்பது 'ஆட்டோமேட்' வகை. எம், எக்ஸ் இரண்டும் இருப்பதால் பெரும்பாலும் 1951க்கும் 1954க்கும் இடையில் செய்ததாக இருக்கும். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் ஊரில் பவுல் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக்கே என்ற இருவர் 1920ல் தொடங்கிய தொழிற்சாலையில் பிறந்தது. இருவருமே அதற்கு முன் அதே ஊரின் ஃபோக்ட்லேண்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். முதலில் 'ஹைடோஸ்கோப்' என்ற ஸ்டீரியோ கேமரா செய்தார்கள். அதை ரோல் பிலிமுக்கு மாற்றியபோது 'ரோலைடோஸ்கோப்' ஆனது. ரோல் பிலிமின் 'ரோல்' அங்கேதான் பெயரில் ஒட்டிக்கொண்டது. 1929ல் வந்ததுதான் ரோலிஃப்ளெக்ஸ். ஜெர்மன்காரர்கள் 'ரோலை' என்பார்கள். நம் ஸ்டுடியோக்காரர்கள் வாயில் அது என்றைக்குமே 'ரோலி'தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

லென்ஸ் வளையத்தில் இருக்கும் 'ஆப்டன்' என்ற சொல்லை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரோலிகளில் அந்த இடத்தில் 'கார்ல் ஜெய்ஸ் ஜெனா' என்று இருக்கும். 1945ல் ஜெனா நகரம் சோவியத் பகுதிக்குப் போவதற்கு முன்னால், அமெரிக்கப் படையினர் ஜெய்ஸின் முக்கியமான நிபுணர்களை மேற்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் ஓபர்கோஹன் என்ற சின்ன ஊரில் புதிதாகக் கடை விரித்தார்கள். கிழக்கில் ஒரு ஜெய்ஸ், மேற்கில் ஒரு ஜெய்ஸ் என்று ஆனபோது, மேற்கிலிருந்து வந்த லென்ஸ்களில் சில வருடம் 'ஜெய்ஸ்-ஆப்டன்' என்று பொறித்தார்கள். ஒரு நாடு இரண்டாக உடைந்த கதை அந்த வளையத்தில் ஒரே சொல்லாக இருக்கிறது. சிவப்பு 'டி', கண்ணாடியின் மேல் ஒளிச்சிதறலைத் தடுக்கும் பூச்சு உண்டு என்பதற்கான அடையாளம். போருக்கு முந்தைய மாடல்களில் சாதாரணமாக இந்தப் பூச்சு இருக்காது. பூச்சு இருப்பதால் எதிர்வெயிலில் எடுத்தாலும் உங்கள் கேமரா ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இப்போது, கேமராவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிலிமை எடுத்த பிறகு பின்கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிலிம் இல்லாதபோது கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்பினாலே ஷட்டர் ஏறிவிடும். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் இருபுறமும் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன அல்லவா, ஒன்று அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறக்கும் அளவு; மற்றது ஷட்டர் வேகம். இரண்டின் எண்களும் மேல் லென்ஸின் தலையில் உள்ள சின்னச் சாளரத்தில் தெரியும். வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். 'ர்ர்ர்ர்' என்று ஒரே சீரான சத்தம் வந்து 'டக்' என்று மூட வேண்டும். நடுவில் திக்கினாலோ, திறந்தபடியே நின்றாலோ பயப்பட வேண்டாம். மெதுவான வேகங்களுக்கான பல்சக்கரத் தொகுதியில் எண்ணெய் கெட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். பயன்படுத்தாமல் கிடந்த எழுபது வருடக் கேமராவுக்கு இது ஜலதோஷம் மாதிரி. 500ஐ (அதாவது 1/500 நொடியை) வைக்கும்போது மட்டும் ஒன்று: ஷட்டரை ஏற்றுவதற்கு முன்னாலேயே வைத்துவிட வேண்டும். அந்த ஒரு வேகத்துக்குத் தனியாக இன்னொரு ஸ்பிரிங் இழுபடுகிறது. ஏற்றிய பிறகு அதற்கு மாற்றப் பார்த்தால் சக்கரம் முரண்டு பிடிக்கும்.

லென்ஸைப் பார்க்க, வேகத்தை 'பி'யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலையில்) வைத்து, அப்பர்ச்சரை 3.5க்குத் திறந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில், தோல் பைக்குள் வருடக்கணக்காகக் கிடந்த கேமராவில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆரம்ப நிலையில் சுத்தம் செய்துவிடலாம். பூச்சையே அரித்திருந்தால் தடம் நிற்கும், ஆனாலும் படம் வரும். கண்ணாடி முழுக்கப் பால் ஏடு மாதிரி ஒரு மங்கல் இருந்தால், அதுதான் படத்தை அதிகம் கெடுக்கும். எல்லா நிழலையும் சாம்பலாக்கிவிடும். டெஸ்ஸார் நாலு கண்ணாடிகளால் ஆனது. பின்னால் இருக்கும் இரண்டையும் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் ஓரத்தில் எண்ணெய் மிதக்கும் தண்ணீரைப் போல வானவில் நிறம் தெரியும். அது கொஞ்சம் பெரிய வேலை.

மேலே மடக்கு மூடியான ஹூடைத் திறந்து பார்க்கும்போது படம் மங்கலாகத் தெரிந்தால், உள்ளே இருக்கும் கண்ணாடி கறுத்திருக்கிறது என்று அர்த்தம். இது பார்வைக்கு மட்டும்தான். பிலிமில் விழும் படத்துக்கும் இந்தக் கண்ணாடிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதைத் துணி வைத்துத் துடைத்துவிடாதீர்கள். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்னால் இருக்கும், இதில் முன்னால் இருக்கிறது. ஒரு துடைப்பில் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

சர்வீஸ் கொடுக்கத்தான் வேண்டும். அதில் ஓர் அனுபவம் சொல்கிறேன். என் முதல் ரோலியில் ஷட்டர் திக்கியபோது, பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஊசியால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நன்றாக ஓடுகிறது பாருங்கள் என்று அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார். ஓடியது. இருபது நாள் கழித்து அந்த எண்ணெய் ஷட்டர் இதழ்களில் பரவி, ஐந்து இதழும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. திறந்து கழுவி, காய வைத்து, மறுபடி பூட்டி அனுப்ப இன்னொருவருக்கு நாலு மாதம் ஆயிற்று. ரோலியில் இருக்கும் காம்பர் என்ற வகை ஷட்டரின் இதழ்கள் எண்ணெயே இல்லாமல் ஓட வேண்டியவை. கேமராவைக் கொடுப்பதற்கு முன், "ஷட்டரைப் பிரித்துக் கழுவுவீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தயங்கினால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சர்வீஸ் முடிந்து வந்ததும், பின்னால் பிலிம் உட்காரும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டி, 'பி'யில் திறந்து வைத்து, தூரத்து விளக்குக் கம்பத்தையும் பக்கத்தில் ஒரு செய்தித்தாளையும் பாருங்கள். மேலே தெளிவாகத் தெரியும்போது பேப்பரிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம்.

பிலிம் போடுவதுதான் இந்தக் கேமராவின் மிக அழகான இடம், தவறு நடக்கும் இடமும் அதுதான். 1937ல் இந்த ஆட்டோமேட் வந்தபோது எல்லோரையும் வியக்க வைத்தது இந்த ஏற்பாடு. மற்ற கேமராக்களில் சிவப்புச் சாளரம் வழியாக எண்ணைப் பார்த்துச் சுற்ற வேண்டும், அல்லது காகிதத்தில் உள்ள அம்புக்குறியை ஒரு புள்ளியோடு பொருத்த வேண்டும். இதில் இரண்டும் தேவையில்லை. கீழே புதுச் சுருளைப் போட்ட உடனே, அதற்குப் பக்கத்தில் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொட்டாற்போல இருப்பதைப் பார்ப்பீர்கள். காகிதத்தின் நுனியை அந்த இரண்டுக்கும் நடுவே நுழைத்து, மேலே இழுத்து, காலிச் சுருளின் வெட்டில் செருக வேண்டும். இந்தக் கேமராவில் போடும் 120 பிலிமில் முதலில் வருவது வெறும் காகிதம். கொஞ்ச தூரம் கழித்துத்தான் பிலிம் அதன் மேல் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டு உருளைகளுக்கு நடுவே வரும்போது தடிமன் ஒரு முடியளவு கூடுகிறது. உருளை அந்த முடியளவை உணர்ந்து எண்ணியைத் தட்டிவிடுகிறது. நீங்கள் கதவை மூடிக் கைப்பிடியை முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். சரியாக 1 வந்ததும் அதுவே நின்றுவிடும். பாட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. முதல் முறை அது நிற்கும்போது கையில் தெரியும் அந்தச் சின்னத் தட்டலை இன்றும் நான் எதிர்பார்த்துச் சுற்றுகிறேன்.

உருளைகளுக்கு நடுவே விடாமல் மேலோடு இழுத்துவிட்டால்? கைப்பிடி நிற்காது. என் அக்கா மகனின் காதுகுத்துக்கு நான் செய்தது அதுதான். சுற்றினேன், சுற்றினேன், நிற்கவே இல்லை. பிலிம் முழுவதும் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. வேறு ரோல் கையில் இல்லை. அன்றைக்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஆகவே பத்துப் பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். வெளிச்சம் வராத இடத்தில் திறந்து, மறுபடி சுற்றிப் போடலாம். அப்புறம், கதவின் உள்பக்கம் பிலிமை அழுத்தும் தகடு சில கேமராக்களில் இரண்டு நிலைகளில் நகரும், 35 மி.மீ. பிலிமும் போட வசதியாக. அது 6×6 (120 பிலிமுக்கான) நிலையில் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

பிலிம் எது? வெயிலில் எடுப்பதானால் 100 வேகமுள்ளதே (ஐ.எஸ்.ஓ. 100) போதும். உங்கள் கேமராவில் உச்ச வேகம் 500, ஆனால் பழைய ஸ்பிரிங் பெரும்பாலும் அந்த வேகத்தை எட்டாது. 400 பிலிமைப் போட்டு நடுவெயிலில் நின்றால் எப்போதும் 500க்கும் 16க்கும் ஓட வேண்டியிருக்கும். 100 பிலிமானால் நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, வேகம் 100. திண்ணை நிழலில் 4க்குத் திறந்துகொள்ளுங்கள். மற்றதற்குச் செல்போனிலேயே லைட் மீட்டர் ஆப் கிடைக்கிறது. இந்த மாடலில் மீட்டர் கிடையாது, அது நல்லதுதான். பின்னால் வந்த மாடல்களில் பதித்த செலினியம் மீட்டர்கள் பலவும் இன்று செத்துக் கிடக்கின்றன.

பிளாஷ் போட்டால் கம்பி செருகும் இடத்தின் நெம்புகோலை எக்ஸ் பக்கம் தள்ளுங்கள். எம் என்பது அந்தக் காலத்துப் பல்புகளுக்கு. பல்பு முழுதாக எரியச் சிறிது நேரம் எடுக்கும் என்பதால், ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன்பே மின்சாரத்தை அனுப்பிவிடும். இன்றைய பிளாஷை எம்மில் வைத்தால் ஷட்டர் திறக்கும் முன் வெளிச்சம் மின்னி முடிந்துவிடும். செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம். சர்வீஸ் ஆகும்வரை அதை இழுத்தால், பாதியில் நின்று ஷட்டரையும் பூட்டிவிடும் வாய்ப்பு அதிகம்.

இனி முக்கியமானது. குனிந்து பாருங்கள். மேலே திறந்த ஹூடுக்குள், கைக்குட்டை அளவுகூட இல்லாத சதுரக் கண்ணாடியில் உலகம் நகரும். ஆனால் இடம் வலமாக மாறி. நீங்கள் கேமராவை வலப்பக்கம் நகர்த்தினால் படத்தில் இருப்பவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக ஓடுவார். முதல் இரண்டு ரோல் வரை தலை சுற்றும். மூன்றாவதில் கை தானாகப் பழகிவிடும். ஓடும் குழந்தையைப் பிடிக்க வேண்டும் என்றால் ஹூடின் முன்தகட்டை உள்ளே தள்ளினால் ஒரு சதுர ஓட்டை கிடைக்கும். அதன் வழியாக நேராகவே பார்க்கலாம்.

இப்படிக் குனிந்து பார்ப்பதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. கேமரா உங்கள் முகத்தை மறைப்பதில்லை. எதிரே இருப்பவர் ஒரு கருப்புப் பெட்டியைப் பார்க்காமல், தலை குனிந்து நிற்கும் ஒரு மனிதரைப் பார்க்கிறார். லென்ஸ் உங்கள் வயிற்றருகில் இருக்கிறது, கீழே உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணுக்கும் குழந்தையின் கண்ணுக்கும் கிட்டத்தட்ட நேராக. கண்ணாடி நிலையாக நிற்பதால் எடுக்கும் நொடியில் பார்வை மறையாது, 'கிளாக்' என்ற அதிர்வும் இல்லை. இலை உதிர்வது போல ஒரு 'டிக்', அவ்வளவுதான். கையில் பிடித்தே 25லும் அசையாமல் எடுக்க முடிகிறது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று கொண்டாடப்படும் ஹோமாய் வியாரவாலா கையாண்ட கேமராக்களில் ரோலிஃப்ளெக்ஸும் உண்டு. சேலை கட்டி, டெல்லித் தெருக்களில் சைக்கிளில் போய், தலைவர்களை அவ்வளவு இயல்பாக எடுத்தவர். அந்த இயல்பில் இந்தக் குனிந்த பார்வைக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

டெஸ்ஸாரை 3.5ல் திறந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒருவர் முகத்தை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் அரை அடிதான். ஆகவே ஹூடுக்குள் இருக்கும் பூதக்கண்ணாடியை எழுப்பி, கண்ணிமைகளைப் பார்த்துத் திருப்புங்கள். ஓரங்கள் மென்மையாக இருக்கும், நடுவே முகம் மட்டும் எழுந்து நிற்கும். 8க்கு மூடினால் மூலை வரை கூர்மை. நெகட்டிவ் 56 மி.மீ. சதுரம், சின்ன 35 மி.மீ. நெகட்டிவைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல். பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும்.

கழுவுவதை வீட்டிலேயே செய்யலாம். நம் குழாய்த் தண்ணீர் கோடையில் முப்பது டிகிரிக்கு மேல் நிற்கும், டெவலப்பருக்கு வேண்டியது இருபது. பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் மருந்து பாட்டில்களை இருபதுக்கு இறங்கும்வரை நிறுத்தி வையுங்கள். பிலிமைக் கழுவும் தண்ணீரையும் அதே சூட்டுக்குக் கொண்டுவருவது நல்லது.

வைக்கும் இடம் பற்றி: அந்தத் தோல் பை தாத்தாவின் ஞாபகம், பத்திரமாக வையுங்கள், ஆனால் கேமராவை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஷட்டரை ஏற்றிய நிலையில் விட்டுவிடாமல் அழுத்திவிட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து, எல்லா வேகத்திலும் இரண்டு தரம் ஓட்டுங்கள்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். டெஸ்ஸார் போட்ட ஆட்டோமேட் ஏராளமாகச் செய்யப்பட்டது, உலகெங்கும் கிடைக்கிறது. கடைக்காரர்கள் பிளானர் லென்ஸ் போட்ட 2.8 மாடல்களுக்குக் கொடுக்கும் விலையை இதற்குக் கொடுக்க மாட்டார்கள். சர்வீஸ் ஆகாத நிலையில் இன்னும் குறைத்துத்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால், பிலிமைக் கழுவி அந்த ஆறேழு படங்களைப் பார்க்கும்வரை யாரிடமும் விலை பேசாதீர்கள். ஏழாவது இன்னும் எடுக்கப்படாமல் இருந்ததா, எடுத்து முடித்துவிட்டாரா என்பது கைப்பிடியைத் திருப்பும்போதே தெரிந்துவிடும். அதை எனக்கும் சொல்லுங்கள்.